ஒன்று இடம், ஒன்று வலம்

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்க வேண்டும். வெயில் எதிர்மலை முகட்டில் நிற்க வேண்டும், நம் சரிவுக்கு இறங்கியிருக்கக் கூடாது. அந்த வேளையில் எங்கள் வீட்டுப் பின்புறம் வாருங்கள். கோத்தகிரியில் தேயிலைச் சரிவு தொடங்குவதற்கு முன் எங்களுக்கென்று கிடைத்திருக்கும் துண்டு நிலம் அது. நான்கே பாத்திகள். மூன்றாவது பாத்தியருகே நின்றால் போதாது, குந்தி உட்கார வேண்டும். பட்டாணி நின்று பார்ப்பவருக்கு வெறும் பச்சை. உட்கார்ந்து பார்ப்பவருக்குத்தான் முகம் காட்டும்.

முதலில் இலையைப் பாருங்கள். பச்சை என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாத நிறம். பச்சையின் மேல் விபூதி பூசித் துடைத்ததுபோல் மெல்லிய சாம்பல் படலம். நாவல்பழத்தின் மேலும் திராட்சையின் மேலும் இருக்குமே, விரல் பட்டால் அழியும் அந்த மெழுகுப் பூச்சு, அதேதான். இந்த மெழுகின் மேல் பனித்துளி ஒட்டுவதில்லை. இலையை நனைக்காமல் முழு உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது. உடைந்த காய்ச்சல்மானியிலிருந்து தரையில் ஓடும் பாதரசத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தத் துளியின் நடை தெரியும். காம்பை லேசாகத் தட்டினால் மேலிலையிலிருந்து கீழிலைக்கு உருண்டு, வழியில் இன்னொரு துளியை விழுங்கிப் பெருத்து, விளிம்பில் ஒரு கணம் தயங்கி, விழும். அது போன தடத்தில் ஈரம் இருக்காது.

காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இரண்டு அகன்ற மடல்கள் தண்டை இருபுறமும் அணைத்துக்கொண்டிருக்கும். தாவரவியல் நூல்கள் இதற்கு இலையடிச் செதில் என்று பேர் வைத்திருக்கின்றன. பாவம், பெயர் பொருந்தவில்லை. பெரும்பாலான செடிகளில் கண்ணுக்கே தெரியாத அந்தச் செதில் பட்டாணியில் இலையைவிடப் பெரியது. குழந்தையைக் குளிப்பாட்டித் துண்டால் போர்த்தி எடுக்கும் இரண்டு கைகளைப் போல, உள்ளே வளரும் இளங்குருத்தைப் பொத்தி வைத்திருக்கிறது. அந்த மடல்களில் சில வகைகளுக்கு வெள்ளித் தூவல் உண்டு. முதல் வருடம் அதைப் பார்த்துப் பூச்சி சுரண்டியிருக்கிறது என்று பதறி வேப்பெண்ணெய் கரைத்துவிட்டேன். பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. மேல்தோலுக்கு அடியில் அங்கங்கே காற்று தங்கியிருப்பதால் ஒளி அப்படித் தெறிக்கிறது. காற்றால் தீட்டிய புள்ளிக்கோலம்.

இத்தனை அழகும் எந்த விதையைத் தேர்ந்தோம் என்பதில் தொடங்குகிறது. எனக்கு இந்தப் பயிரில் மிகப் பிடித்த நாள் அறுவடை நாள் அல்ல. விதைப்பதற்கு முந்தின மாலை. பொட்டலங்களைப் பிரித்து, வெள்ளைத் தட்டுகளில் ஒவ்வொரு வகையையும் தனித்தனியாகக் கொட்டி, மேசை விளக்கடியில் வைத்துப் பார்ப்பேன். ஒரு தட்டில் சோழிபோல் வழுவழுப்பான உருண்டைகள். சாய்த்தால் சலசலத்து ஓடும். இன்னொன்றில் மணத்தக்காளி வற்றல்போல் ஒடுங்கி மடிந்தவை. சாய்த்தாலும் தயங்கித் தயங்கித்தான் நகரும். தெரியாதவர் கை உருண்டைக்குத்தான் போகும். தெரிந்தவர் கை சுருங்கியதற்குப் போகும்.

அந்தச் சுருக்கம்தான் இனிப்பு. பச்சையாக இருந்தபோது அந்த மணிக்குள் மாவு குறைவாகவும் சர்க்கரை கூடுதலாகவும் இருந்தது. சர்க்கரை மிகுந்த மணி நீரையும் மிகுதியாகப் பிடித்து வைக்கும். காயும்போது அந்த நீர் வெளியேற, உள்ளே நிரப்ப மாவில்லாமல் தோல் மடிந்துவிடுகிறது. 1990-இல் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் ஆய்வுக்கூடத்தார் இதன் மூலத்தைக் கண்டார்கள். மாவுச்சத்தைக் கிளைகிளையாகப் பின்னும் ஒரு நொதியின் மரபணுவில், எங்கிருந்தோ வந்த சிறு துண்டு ஒன்று நடுவில் குந்திக்கொண்டதால் அந்த வேலை நின்றுபோயிருக்கிறது. ஒரு பிழை, அதன் பலன் நாக்கில் தேன்.

மெண்டல் பார்த்ததும் இதே உருண்டையையும் இதே சுருக்கத்தையும்தான். பள்ளிக்கூடத்தில் அவரைக் கட்டம்போட்டு மனப்பாடம் செய்துவிட்டதால் அவர் ஒரு தோட்டக்காரர் என்பது நமக்கு மறந்துபோயிற்று. புருனோ நகரத்துத் திருமடத்தில் 34 வகைப் பட்டாணிகளை வாங்கி, இரண்டு வருடம் வளர்த்துப் பார்த்து, அவற்றில் 22-ஐத் தேர்ந்தெடுத்த பிறகே 1856-இல் அவர் தம் சோதனையைத் தொடங்கினார். வகை தேர்வதில் அவ்வளவு பொறுமை. ஒரு சோதனையில் 7,324 மணிகளை எண்ணினார்: உருண்டை 5,474, சுருங்கியது 1,850. விகிதத்தை விடுங்கள். ஒரே காய்க்குள் உருண்டையும் சுருங்கியதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக் கண்டாரே, அந்தக் காயைப் பிளந்த கணத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே தொட்டிலில் இரண்டு முகச்சாயல்.

உருண்டையை நான் குறைத்துப் பேசவில்லை. மெரினாவில் மாலைக் காற்றோடு சேர்ந்து வரும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலுக்கு அந்த மாவுதான் உயிர். அங்கே சர்க்கரைப் பட்டாணியைப் போட்டால் குழைந்து கெட்டுப்போகும். கடலை வண்டியில் காகிதக் கூம்பில் தரும் வறுத்த பட்டாணியின் நொறுக்கும் அப்படியே. ஆனால் கொடியிலிருந்து பறித்த கையோடு தின்ன வேண்டும் என்றால் சுருங்கியதை நடுங்கள்.

என் தட்டுகளில் இப்போது ஐந்து வகை. ஆர்கெல் குள்ளம், முழங்காலுக்குக் கீழே நின்றுவிடும். இரண்டு மாதத்தில் காய் கொடுக்கும். அதன் காய் நுனியில் அரிவாள்போல் வளைந்திருக்கும், கரும்பச்சை. பானவில் ஒரு மாதம் தாமதிக்கும். ஆனால் வெளிர்பச்சையில் நேரான காய்களை இரட்டை இரட்டையாகத் தொங்கவிடும், ஜிமிக்கி போல. இங்கேயே ஊட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ஊட்டி 1, ஊருக்கு அடக்கமான பிள்ளை. ஆல்டர்மேன் என்ற பழைய ஆங்கிலேய வகை ஆளுயரம் ஏறும். குனியாமல் நின்றபடி பறிக்கலாம் என்பதற்காகவே வயதான தோட்டக்காரர்கள் அதன்மேல் ஆசை வைப்பார்கள். ஐந்தாவது, தோலோடு தின்னும் சுகர் ஸ்நாப். அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து கால்வின் லாம்போர்ன் உருவாக்கி 1979-இல் வெளிவந்தது. சாதாரணப் பட்டாணிக் காயின் உள்சுவரில் காகிதம்போல் ஒரு சவ்வு உண்டு, தின்றால் நெஞ்சில் சிக்கும். இதில் அது கிடையாது. சுவர் சதைப்பற்றாகத் தடித்திருக்கும். ஒடித்தால் வெண்டைப்பிஞ்சு ஒடிகிற சத்தம்.

ஆறாவதாக ஒன்று உண்டு. அதைப் பூவின் முறை வரும்போது சொல்கிறேன்.

எங்கள் பக்கம் பிப்ரவரி–மார்ச்சில் ஒரு விதைப்பு, அக்டோபர்–நவம்பரில் ஒரு விதைப்பு. ஐப்பசி மழையில் மண் குளிர்ந்து நனைந்து கிடக்கும்போது சுருங்கிய விதை அழுகிவிடும்; அதன் சர்க்கரை மனிதருக்கு மட்டுமா இனிக்கிறது? அதனால் அந்தப் போகத்துக்குப் பாத்தியை உயர்த்தி, நீர் வடிய வழி செய்து, மழை விட்ட ஒரு நாளில் ஊன்றுவேன். பூக்கும் சமயத்தில் உறைபனி விழுந்தால் செடி தாங்கிவிடும், பூ தாங்காது. சமவெளியில் உள்ளவர்களுக்கு எதிர்த் தொல்லை: முப்பது டிகிரி வெயிலில் பூ உதிர்ந்துவிடும். அவர்கள் மனம் தளர வேண்டாம், ஒரு தட்டில் மண்ணிட்டு நெருக்கமாக விதைத்துத் தளிரை மட்டும் கிள்ளித் தின்னலாம். தளிருக்கும் பட்டாணியின் மணம் உண்டு.

முளைக்கும்போது பட்டாணி காட்டும் அடக்கம் தனி. பக்கத்துப் பாத்தியில் பீன்ஸ் எப்படி வருகிறது என்று பாருங்கள். பருப்பு இரண்டையும் தலையில் தூக்கிக்கொண்டு, மண்ணை முட்டிப் பிளந்து, ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டு வரும். அவரையும் அப்படித்தான். பட்டாணி தன் பருப்பை மண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டு, தண்டை மட்டும் கழுத்து வளைத்து, தலை குனிந்தபடி வெளியே அனுப்புகிறது. பெரியவர்கள் இருக்கும் கூடத்தில் நுழையும் பழைய காலத்துப் பெண்பிள்ளை மாதிரி. வெளிச்சம் பட்ட பிறகுதான் மெல்ல நிமிரும். இந்த அடக்கத்தில் சாமர்த்தியமும் இருக்கிறது. ஒரு நாள் காலை வரிசை முழுவதையும் ஏதோ பறவை கொத்திப் போட்டிருந்தது. பத்தே நாளில் மண்ணுக்கடியில் இருந்த கணுக்களிலிருந்து மறுதளிர் வந்துவிட்டது. கருவூலம் கீழே பத்திரமாக இருந்ததல்லவா? (காட்டுமாடு வந்த இரவுக்கு மட்டும் மருந்து இல்லை. அது வேரோடு தின்றுவிட்டு, பாத்தியில் ஒரு குளம்புத் தடத்தை நினைவாக விட்டுச் சென்றது.)

இனி பற்றுக்கம்பி. நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். பட்டாணியின் இலைக்காம்பு இரண்டோ மூன்றோ இணை இலைகளை விரித்துவிட்டு, மேலே போகப் போக இலை செய்யும் எண்ணத்தையே கைவிட்டு, தலைமுடிபோல் மெல்லிய கம்பிகளாக நீள்கிறது. இலையாகப் பிறக்க வேண்டியது கையாகப் பிறந்திருக்கிறது. அந்தக் கை காற்றில் மெதுவாகச் சுழன்று துழாவிக்கொண்டே இருக்கும். நோயில் கிடந்த காலத்தில் ஏறுகொடிகளை அறைக்குள் வைத்தே மணிக்கணக்காகப் பார்த்த டார்வின் 1865-இல் இதைப் பற்றியெல்லாம் ஒரு நூலே எழுதினார். நம் கண்ணுக்குத் துழாவல் தெரியாது. காலையில் ஒரு கம்பிக்கு அருகே ஈர்க்குச்சி ஒன்றை நட்டுவிட்டுக் காப்பி குடித்து, குளித்து, செய்தித்தாள் பார்த்துவிட்டு வாருங்கள். குச்சியை ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். மாலையில் மூன்று சுற்று. மறுநாள், பிடித்த இடத்துக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள பகுதி சுருள்வில்லாகச் சுருண்டு செடியைத் தன் பக்கம் இழுத்திருக்கும். காற்றடித்தால் அந்தச் சுருள் நீண்டு கொடுக்கும், அறாது.

பற்றுக்கோடு இல்லாத கொடியைப் பார்த்தால் நமக்குப் பாரி நினைவு வராமல் இருக்காது. ஆனால் ஒன்று சொல்கிறேன், பாரியின் வழியில் நின்றது முல்லையாக இருந்தது நல்லதாயிற்று. முல்லைத் தண்டு எதையும் சுற்றிக்கொள்ளும். பட்டாணியாக இருந்திருந்தால் அவ்வளவு பெரிய தேரை நிறுத்தியும் பயனில்லை. தடித்த மரத்தை இந்தக் கம்பியால் பிடிக்க முடியாது. பென்சில் தடிமனுக்கு மேல் போனால் தடவிப் பார்த்துவிட்டு நழுவிவிடும். தேர் வேண்டாம், தேரின் கடிவாளக் கயிறு இருந்தால் போதும்.

முதல் வருடம் மூங்கில் நட்டு ஏமாந்தபோது, தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "இதுக்கு எதுக்குங்க மூங்கி? கவாத்துக் குச்சி கெடக்குதே, எடுத்துக் குத்துங்க." தேயிலையைக் கவாத்து வெட்டியபின் மலைமலையாய்க் கிடக்கும் சிம்புகள், ஒவ்வொன்றிலும் விரல் விரலாய்ப் பத்துக் கிளை. வரிசை நெடுக அவற்றை நட்டேன். பட்டாணி அதைக் கண்டதும் காட்டிய மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மூன்று வாரத்தில் குச்சி எது கொடி எது என்று தெரியவில்லை. செத்த தேயிலைச் சுள்ளி மறுபடி தளிர்த்துவிட்டதோ என்று வழியில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள்.

பூவுக்கு வருவோம். அவரைக்குச் சங்கப் பாட்டிலேயே இடமுண்டு; அயலிலிருந்து வந்த பட்டாணிப் பூவை நம்மவர் பாடிவைக்கவில்லை. நாமாவது சற்று நின்று பார்க்கலாம். நீண்ட ஒற்றைக் காம்பில் இரண்டு பூ. பின்னால் அகன்று நிமிர்ந்து நிற்பது கொடியல்லி. அதன் முன்னே இரு பக்கமும் சாய்ந்தவை சிறகல்லிகள். இரண்டு சிறகுக்கும் நடுவே ஒளிந்து கிடப்பது படகல்லி. கொடி, சிறகு, படகு! செதிலுக்குப் பேர் வைத்ததில் கோட்டை விட்டவர்கள் இங்கே கவிகளாகிவிட்டார்கள். வெள்ளைப் பூவின் கொடியல்லியை வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் இளம்பச்சை நரம்புகள் விசிறிபோல் விரிவது தெரியும். மல்லிகையின் வெள்ளை இதுவல்ல. காய்ச்சி ஆறிய பாலின் வெள்ளை.

படகை நகத்தால் மெல்லப் பிரியுங்கள். பத்து மகரந்தத்தாள்கள். ஒன்பது கைகோத்து ஒரு குழலாக நிற்க, பத்தாவது மட்டும் தனியே ஒதுங்கி நிற்கும். குழலுக்குள் கருவுறும் காய், தண்ணீரில் ஊறிய அரிசியைவிடச் சற்று நீளம். அதன் நுனியில் ஒரு பக்கம் மட்டும் துடைப்பம்போல் மெல்லிய மயிர். அந்தத் துடைப்பத்தில் ஏற்கெனவே மகரந்தம் ஒட்டியிருக்கும், ஏனென்றால் மொட்டு அவிழுமுன்பே எல்லாம் நடந்துவிடுகிறது. காலையில் ரீங்காரத்தோடு வரும் வண்டு கல்யாணம் முடிந்த மறுநாள் வந்து சேர்ந்த விருந்தாளி. வீட்டுத் தோட்டத்துக்கு இது பெரிய அனுகூலம். ஐந்து வகையை அடுத்தடுத்து நட்டாலும் பெரும்பாலும் கலந்துபோகாது. ஆர்கெல் விதை ஆர்கெலாகவே வரும். மெண்டல் பட்டாணியைத் தேர்ந்ததற்கும் இது ஒரு காரணம்.

ஆறாவது வகை இப்போது. நண்பர் ஒருவர் ஒரு பிடி கொடுத்த, ஊதாக் காய் காய்க்கும் டச்சுப் பட்டாணி, பிளவ்ஷோக்கர் என்பார்கள். பூப்பதற்குப் பல வாரம் முன்பே அது தன் ரகசியத்தைச் சொல்லிவிடும். இலைமடல் தண்டைத் தழுவும் இடத்தில் மருதாணிக் கோடுபோல் ஒரு செவ்வூதா வளையம். வெள்ளைப் பூக்கும் செடியில் அந்த வளையம் இருக்காது. அதைப் பார்த்தால் போதும், பூ நிறமாக வரும் என்று உறுதி. வரும்போதோ, கொடியல்லி வெளிர்ரோஜா, சிறகு பழுத்த நாவலின் கருஞ்சிவப்பு. நாள் ஏறஏறச் சிவப்பு வடிந்து நீலம் ஏறும். ஒரே கொடியில் இன்று அவிழ்ந்தது, நேற்று அவிழ்ந்தது, முந்தாநாள் அவிழ்ந்தது என்று மூன்று நிறம். காய் கத்தரிக்காய் ஊதா. உரித்தால் உள்ளே சாதாரணப் பச்சை மணிதான். வேகவைத்தால் ஊதா போய்விடும். சுவையும் மட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அதைச் சமையலுக்கு என்று யாரும் நடுவதில்லை.

பூ வாடியதும் காய் அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. வாடிய இதழ் சில நாள் நுனியில் தொப்பிபோல் தொங்கும். காய் முதலில் தட்டையாகவே முழு நீளத்துக்கும் வளர்ந்துவிடும். வீட்டைக் கட்டி முடித்துவிட்டுப் பிறகு குடி வைக்கிற முறை. இந்தப் பருவத்தில் ஒரு காயைப் பறிக்காமல், கொடியிலேயே வெயிலுக்கு எதிராகத் திருப்பிப் பாருங்கள். பச்சைக் கண்ணாடி வழியாகத் தெரிவதுபோல், உள்ளே வரிசையாகச் சின்னஞ்சிறு நிழல்கள். எட்டு. சில நாள் கழித்து அவை ஒன்றையொன்று தொடும் அளவு பெருத்திருக்கும். தோல் இன்னும் பளபளப்பாக இருந்து, விரலால் அழுத்தினால் உள்ளே மணி உருண்டு தெரிந்தால், அதுதான் பறிக்கும் நாள். பளபளப்பு மங்கி, தோலில் வலைபோல் நரம்பு எழும்பிவிட்டால் ஒரு நாள் பிந்திவிட்டீர்கள்.

பறித்ததைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டாம். பறித்த நொடியிலிருந்து உள்ளே சர்க்கரை மாவாகத் தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறினால் இன்னும் வேகமாக. மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கி, லாரி மாறி, தள்ளுவண்டிக்கு வந்து சேர்வதற்குள் பாதி இனிப்பு வழியிலேயே போய்விடும். உலர் பட்டாணியை ஊறவைத்துச் சாயம் ஏற்றிப் பச்சைப் பட்டாணி என்று விற்பதைப் பற்றி இந்தப் பாத்தியருகே பேசவே மனம் வரவில்லை. அக்காவுக்கு ஒரு கூடை கொடுத்தபோது அவர் வேலிக்கருகிலேயே நின்று நான்கைந்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்: "இதப் போயி குருமாவுல போட்றாதீங்க." அதற்கு மேல் சமையல் குறிப்பு எனக்குத் தெரியாது.

உரிப்பதிலும் ஒரு நளினம் உண்டு. காம்புப் பக்கத்தை ஒடித்து நரம்பை இழுத்தால் நூல்போல் நுனிவரை வரும். பிறகு தையலின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும். 'டப்' என்று ஒரு சின்ன ஒலி. அடைத்து வைத்த காற்று விடுபடும் ஒலி அது. அதோடு, மழை பெய்த புல்லும் பச்சைப்பாலும் கலந்த ஒரு மணம். பெரும்பாலோர் இந்த ஒலியோடு பட்டாணியை முறத்தில் உதிர்த்துவிடுவார்கள். உதிர்க்காதீர்கள். காயைப் புத்தகம்போல் முழுக்கத் திறந்து உள்ளங்கையில் விரியுங்கள்.

வரிசையாக இருந்த மணிகள் இப்போது இரண்டு அணியாகப் பிரிந்திருக்கும். முதல் மணி இடப்பக்கத்து ஓட்டில் தன் குட்டிக் காம்பால் ஒட்டியிருக்கும், இரண்டாவது வலப்பக்கத்தில், மூன்றாவது மறுபடி இடத்தில். மூடியிருந்தபோது ஒரே சரமாகத் தோன்றியது, உண்மையில் இரண்டு கரையிலிருந்தும் மாறி மாறி வந்து நடுவில் சேர்ந்த சரம். கருவிலேயே, அந்த அரிசி நீளப் பருவத்திலேயே, இந்த ஒழுங்கு போடப்பட்டுவிட்டது. வாழைநாரில் இடமும் வலமுமாகப் பூவை மாற்றி மாற்றி வைத்துத் தொடுக்கிறார்களே, அந்தக் கைப்பழக்கம்.

நாற்பது வருடம் பட்டாணி உரித்த பிறகுதான் இதை நான் கவனித்தேன். உங்கள் வீட்டில் பாத்தி இல்லையென்றாலும் பரவாயில்லை. அடுத்த முறை சந்தையில் தோலோடு வாங்குங்கள். ஒரே ஒரு காயை உதிர்க்காமல் மெதுவாகத் திறந்து, ஒன்று இடம், ஒன்று வலம் என்று எண்ணிப் பாருங்கள்.